மனுவுக்கு ஒரு நகல், நகலுக்கு ஒரு சீல்: சென்னையில் களப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சென்னையில் அடித்தட்டு மக்களோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறவர்கள் மனதில் பெரும்பாலும் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று, வள்ளுவர் கோட்டத்தில் பதாகை பிடித்து முழக்கம் போடுவது. இன்னொன்று, வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது. இரண்டும் தேவையான வேலைதான். ஆனால் வருஷம் முழுக்க நடப்பது வேறு. ரேஷன் கார்டில் விட்டுப்போன பெயரைச் சேர்ப்பது, பாட்டிக்கு வந்துகொண்டிருந்த ஓய்வூதியம் ஏன் நின்றது என்று தாலுகா அலுவலகத்தில் விசாரிப்பது, கொடுத்த மனுவின் நகலில் சீல் வாங்குவது. முக்கால்வாசி காகித வேலை. அலுப்பாகத்தான் இருக்கும், மறைப்பதற்கில்லை. ஆனால் ஜே.சி.பி. தெருமுனையில் வந்து நிற்கும் காலையில், கையில் சீல் வைத்த தாள் இருக்கிற குடும்பத்திடம் அதிகாரி பேசுகிற தோரணையே மாறிவிடும். அந்தத் தாளை எப்படிச் சம்பாதிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஓர் இடத்தைப் பிடியுங்கள்

"எந்தப் பிரச்சினைக்காக வேலை செய்வது?" என்று யோசிப்பதற்கு முன், "எந்த இடத்துக்கு வாரம் தவறாமல் போக முடியும்?" என்று பாருங்கள். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய இடமாக இருக்கட்டும். மூன்று பஸ் மாறிப் போகும் ஆர்வம் இரண்டாவது மாதத்தில் வற்றிவிடும்.

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் குடியிருந்தால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் பக்கம். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. வேலை மட்டும் இன்னும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும்தான். வட சென்னை என்றால் புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் தூய்மைப் பணியாளர்கள், எண்ணூரில் மீனவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அவர்கள் வலையும் படகும் கறுத்துப்போனது நினைவிருக்கும். பாரிமுனைப் பக்கம் நடைபாதை வியாபாரிகளும் வீடற்றவர்களும். செங்குன்றத்தைத் தாண்டினால் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்கள்.

எல்லாவற்றுக்கும் போகாதீர்கள். ஒன்று போதும்.

தனியாகப் போகாதீர்கள்

இந்த நகரத்துக்கு அமைப்பு கட்டுவது புதிதில்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் மற்றவர்களும் உருவாக்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில். நீங்கள் போகப்போகிற இடத்திலும் ஏற்கெனவே யாராவது வேலை செய்துகொண்டிருப்பார்கள்: வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கம், வியாபாரிகள் சங்கம், அம்பேத்கர் மன்றம், மகளிர் சுய உதவிக் குழு, மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு கல்லூரிப் பெண். அவர்களைக் கண்டுபிடித்து அவர்கள் பின்னால் போங்கள்.

முதல் சில வாரம் யோசனை எதுவும் சொல்ல வேண்டாம். கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். குழாயடியிலும் மாடிப்படி நிழலிலும் உட்கார்ந்திருக்கும் அக்காக்களுக்குத் தெரியாத செய்தி அந்த ஏரியாவில் கிடையாது. "நீ யாரு, எந்தக் கட்சி, எவ்ளோ குடுப்பாங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்து அமைப்புகள் வந்து ஆதார் நகலும் போட்டோவும் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். நேராகப் பதில் சொல்லுங்கள். சாதி கேட்டுப் பேச்சைத் தொடங்காதீர்கள். ஆனால் யாரை நகரத்துக்கு வெளியே அனுப்புகிறார்கள், யாரைச் சாக்கடை அள்ள வைக்கிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது என்பதை ஒருபோதும் மறக்காதீர்கள்.

கவுன்சிலரையும் வட்டச் செயலாளரையும் எதிரியாக நினைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஒரு வணக்கம் வைத்து, இன்னார் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் அனுமதி தந்தால்தான் வேலை என்கிற நிலைக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

குடும்பத்துக்கு ஒரு ஃபைல்

என்னைக் கேட்டால் புதியவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. 2015 வெள்ளத்திலும் அதற்குப் பின் வந்த மழையிலும் குடிசைத் தீ விபத்துகளிலும் முதலில் போனது காகிதம்தான் என்பதால், ஜிப் வைத்த, தண்ணீர் புகாத உறையாக வாங்குங்கள். உள்ளே ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, வாக்காளர் அட்டை, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி அட்டை, வங்கிப் பாஸ்புக், நலவாரிய அட்டை ஆகியவற்றின் நகல்கள். மறுகுடியமர்வுக் குடியிருப்பு என்றால் ஒதுக்கீட்டு ஆணையும் குடிசை மாற்று வாரியத்துக்குப் பணம் கட்டிய ரசீதும். ஆற்றோரக் குடியிருப்பு என்றால் பழைய மின்கட்டண ரசீது, பழைய வாக்காளர் பட்டியலின் பக்கம், மறுகுடியமர்வுக் கணக்கெடுப்பில் கொடுத்த டோக்கன். அசல் எதையும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. பக்கத்து ஜெராக்ஸ் கடை வரை அவர்களே எடுத்து வரட்டும்.

அடுக்கும்போதே ஓட்டைகள் கண்ணில் படும். ஆதாரில் 'செல்வி', ரேஷன் கார்டில் 'தமிழ்ச்செல்வி', வங்கியில் வெறும் 'எஸ். செல்வி'. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயோ, முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயோ சிக்கலில் மாட்டலாம். கல்யாணமாகி அதே வீட்டில் தனிக் குடும்பமாக வாழும் மகன், கணக்கெடுப்பில் தனிக் குடும்பமாக ஏறியிருக்கிறாரா? வாடகைக்கு இருப்பவர்? கணவன் விட்டுப்போன பெண்? வீடு ஒதுக்கும்போது விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். பட்டியல் தயாராகும்போதே ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் வழி உண்டு, லாரி வந்தபிறகு ரொம்பக் கஷ்டம்.

இ-சேவை மையத்துக்குக் கூடப் போவது, வயதானவர்களுக்கு வரிசையில் இடம் பிடிப்பது, முகவரி மாறியதும் ரேஷன் கடையை மாற்றுவது எல்லாம் இதில் சேரும். வீட்டுவேலை, கட்டட வேலை, ஆட்டோ, சலவை என்று பல தொழில்களுக்குத் தமிழ்நாட்டில் நலவாரியங்கள் இருக்கின்றன. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை அதில்தான் நிற்கும்.

மனு எழுதும் முன் எல்லையைப் பாருங்கள்

தென் சென்னையில் புதியவர்கள் வழுக்குகிற இடம் இது. கண்ணகி நகர் மாநகராட்சிக்குள் வருகிறது. பெரும்பாக்கம் ஊராட்சி செங்கல்பட்டு மாவட்டத்தில் வருகிறது. ஆகவே பெரும்பாக்கத்துக் குப்பைக்கு மாநகராட்சியின் 1913-ஐ அழைத்துப் பயனில்லை. சென்னை ஆட்சியரிடம் மனு கொடுத்தாலும் அது இன்னொரு மாவட்டத்துக்குத்தான் நடக்கும். லிஃப்ட், படிக்கட்டு, கழிவுநீர்க் குழாய், விரிசல் என்றால் வாரியம். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது; மக்கள் வாயில் இன்னும் 'ஸ்லம் போர்டு'தான். நகருக்குள் கழிவுநீர் என்றால் மெட்ரோ வாட்டர், 1916.

எழுதும் முறைக்கு வருவோம். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. பாதிக்கப்பட்டவர்களே கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு வைப்பவர்கள் கைநாட்டு வைக்கட்டும். உங்கள் பெயர் அதில் தேவையே இல்லை. எத்தனை வீடு, எந்த பிளாக், எந்தத் தேதியிலிருந்து, முன்பு யாரிடம் சொன்னோம் என்று நாலு வரி. "அன்னாரின் சமூகத்திற்கு" என்று தொடங்கும் அலங்காரம் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு சீல் வாங்குங்கள். "வெச்சுட்டுப் போங்க, பார்க்கறோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே நில்லுங்கள். அப்படியும் போடவில்லையென்றால் அன்றே தபால் நிலையத்துக்குப் போய் அதே மனுவை ஒப்புகையோடு அனுப்புங்கள். அந்த ரசீது சீலுக்குச் சமம்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கும். சென்னைக்கு ராஜாஜி சாலை, சிங்காரவேலர் மாளிகை. அங்கே மனு எண் தருவார்கள். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அது முதல் தகவல் அறிக்கை ஆகாதுதான், ஆனால் புகார் வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பதில் வராதபோது ஆர்.டி.ஐ.

2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. இருக்கிற ஆவணத்தைக் கேட்க வேண்டும். "இந்தத் தேதியில், இந்த எண்ணில் கொடுத்த மனுவின் மீது இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கையை, அலுவலகக் குறிப்புகளின் நகலோடு தருக." "இந்தக் குடியிருப்பில் எடுத்த கணக்கெடுப்புப் பட்டியலின் நகல் தருக." "பிளாக்கில் லிஃப்ட் பராமரிப்புக்குப் போட்ட ஒப்பந்தத்தின் நகல் தருக." இப்படி.

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். தவறான அலுவலகத்துக்குப் போட்டிருந்தால் அவர்களே ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வரவில்லை அல்லது மழுப்பலாக வந்தது என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே தாமதமாகும். ஆனால் முதல் மேல்முறையீட்டிலேயே பல நேரம் அசைவு தெரியும்.

அவசரம் வந்தால்

கீழே சொல்வதை முன்கூட்டியே பழகிவைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தேட நேரம் இருக்காது.

வண்டிக்கடையை அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்றால்: 2014-ஆம் ஆண்டுத் தெருவியாபாரிகள் சட்டப்படி, எடுத்த பொருட்களின் பட்டியலைக் கையெழுத்திட்டு வியாபாரியிடம் தர வேண்டும். கெட்டுப்போகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாளில். கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்பதும், அகற்றினாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. தெருமுனையில் சட்டம் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பிரிவுகளைத் தமிழில் ஒரே பக்கமாக அச்சடித்து, ஒவ்வொரு வண்டியிலும் ஒன்று வைத்துப் பாருங்கள். பேச்சு "எடு, கிளம்பு" என்பதிலிருந்து "சரி, ஆபீசுக்கு வா" என்பதற்காவது நகரும்.

வீட்டை இடிக்க நோட்டீஸ் வந்தால் முதலில் அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று படியுங்கள். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமா, 2007-ஆம் ஆண்டு நீர்நிலைகள் பாதுகாப்புச் சட்டமா? முதலாவதில் 7-ஆவது பிரிவு நோட்டீஸ் என்றால் விளக்கம் கேட்கிறார்கள், 6-ஆவது பிரிவு என்றால் வெளியேறச் சொல்கிறார்கள். 7 வந்தவுடனே ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் பதில் எழுதி ஒப்புகை வாங்க வேண்டும். "நவம்பர் 2024-இல் உச்ச நீதிமன்றம் 15 நாள் நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது" என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சாலை, நடைபாதை, ரயில் பாதை, ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களுக்கு அந்தத் தீர்ப்பு விலக்கு கொடுத்திருக்கிறது. சென்னையில் இடிபடும் வீடுகளில் பெரும்பகுதி அந்த வகையில்தான் வரும்.

ஆகவே வக்கீலிடம் ஓடுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, தொலைபேசி 15100. மனுவைப் பெண்கள் பெயரில் போடச் சொல்வது இதனால்தான்.

பள்ளி நடக்கும் மாதங்களில் இடம் மாற்றினால் பிள்ளைகள் பாதியில் நின்றுபோவார்கள். டி.சி. இன்னும் வரவில்லை என்பதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. குடும்பம் லாரியில் ஏறும்போதே புதிய இடத்துப் பள்ளியில் யாராவது ஒருவர் பேசிவைத்திருக்க வேண்டும்.

இனி கழிவுநீர்த் தொட்டி மரணம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டிக்குள் மனிதரை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். ஆனால் பிணவறை வாசலிலேயே கட்டட உரிமையாளரோ ஒப்பந்ததாரரோ வந்து ஒரு தொகையைச் சொல்லி, வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்பார். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய தொகையாகத் தெரியும். அந்தச் சில மணி நேரம் கூட நிற்பதுதான் உங்கள் வேலை. கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்ல உறவுக்காரர் ஒருவரைப் பிடியுங்கள், நீங்கள் சொல்வதைவிட அவர் சொன்னால் எடுபடும். முதல் தகவல் அறிக்கையில் 2013 சட்டமும், பட்டியல் சாதியினர் என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கைப்பேசியில் சேமிக்க வேண்டிய எண்கள்: குழந்தைகள் 1098, பெண்கள் 181, முதியோர் 14567, பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் மீதான வன்கொடுமை 14566.

தெருவில் இறங்கும் நாள்

மனுவும் ஆர்.டி.ஐ.யும் தீர்ந்தபிறகு ஆர்ப்பாட்டம். சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவைக் காட்டித்தான் இங்கே அனுமதி விவகாரம் ஓடுகிறது. குறைந்தது ஐந்து நாள் முன்பே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை அருகே, எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் அருகே ஆகியவை வழக்கமான இடங்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு மெரினாவை மறந்துவிடுங்கள்.

அனுமதி இல்லாமல் உட்கார்ந்தால் வழக்கமாக வேனில் ஏற்றி ஏதாவது கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவார்கள். எப்போதும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் அமர்ந்திருந்தார்கள். நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 13-ஆம் தேதி நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். ஆகவே யார் கைதாகத் தயார், யார் தயாரில்லை என்று முந்தைய நாளே பேசிவிடுங்கள். கைக்குழந்தைக்காரி, சர்க்கரை நோயாளி, ஒருநாள் கூலி போனால் அடுப்பெரியாத வீடு ஆகியோர் பின்னால் நிற்கட்டும். மாத்திரை, தண்ணீர், வக்கீல் எண் எழுதிய துண்டுத்தாள் எல்லோரிடமும் வேண்டும். மைக் உங்கள் கையில் இருக்கக் கூடாது. பேசுவது அந்த ஏரியாப் பெண்கள். நீங்கள் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு யார் எந்த வேனில் ஏறினார்கள் என்று எழுதுங்கள்.

படமும் பணமும்

குழந்தைகளின் முகம் தெரியும் படம் வேண்டாம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் போக்சோ சட்டப்படி நீங்களே குற்றவாளி. அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கச் சொல்வதற்குச் சட்டம் எதுவும் தடை போடவில்லை, இருந்தாலும் செய்யாதீர்கள்.

சொந்த வங்கிக் கணக்கில், சொந்த ஜிபே எண்ணில் நிதி திரட்டாதீர்கள். ஏற்கெனவே பதிவான அமைப்பின் கணக்கில் போகட்டும், ரசீது வரட்டும். நீங்களே அமைப்புத் தொடங்க நினைத்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் இருந்தால் பதியலாம். ஆனால் முதல் ஒரு வருஷம் அந்த எண்ணமே வேண்டாம் என்பது என் கருத்து. சென்னையில் லெட்டர்பேடுக்குப் பஞ்சமில்லை.

கிளம்பும்போது

வேலை மாறி பெங்களூருக்குப் போவீர்கள், கல்யாணம் ஆகும், பரீட்சை வரும். அதனால் இரண்டாவது மாதத்திலிருந்தே ஏரியாவில் இரண்டு பேரை, முடிந்தால் பத்தாவது முடித்த ஒரு பெண்ணையும் சங்கத்து அக்கா ஒருவரையும், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் கூட்டிப் போங்கள். முதல் மனுவை நீங்கள் எழுதுங்கள், இரண்டாவதை அவர்கள் எழுத நீங்கள் திருத்துங்கள், மூன்றாவதுக்கு வாசலோடு நின்றுவிடுங்கள். ஆர்.டி.ஐ. பதில்கள் வருகிற முகவரி உங்கள் வாடகை வீடாக இருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். மனு நகல்கள், தபால் ரசீதுகள், எந்த அலுவலகத்தில் எந்த மேசை என்று எழுதிய நோட்டு எல்லாம் அந்த ஏரியாவிலேயே ஒரு வீட்டில், தண்ணீர் ஏறாத மேல் அலமாரியில் இருக்கட்டும். உங்களிடம் செல்போனில் எடுத்த படங்கள் மட்டும் போதும்.